கோத்தகிரியில் சின்ன குவாட் ஒரே இடத்தில் நிற்கவில்லை: ஹோவர் பழகுவது எப்படி?

கோத்தகிரி_குருவி:

வணக்கம். ஹோவர், அதாவது குவாட்டை அந்தரத்தில் ஒரே இடத்தில் நிறுத்துறது, பழகிட்டிருக்கேன். விவரம் முழுசா கொடுத்துடறேன்.

குவாட் (நாலு இறக்கை வச்ச சின்ன ட்ரோன்): 8520 அளவு ப்ரஷ் மோட்டார் நாலு, 1எஸ் (ஒரே செல்) 600 எம்ஏஎச் லிப்போ பேட்டரி, பேட்டரியோட 70 கிராம். ஜைரோ (சாய்வு, திரும்பலை உணர்ற சென்சார்) உண்டு, ஸ்டிக்கை விட்டா தானா சமமாகும் மோடுதான் போட்டிருக்கு. ரிமோட் மோட் 2, அதாவது உயரமும் திரும்புறதும் இடது ஸ்டிக்கில், சாய்க்கிறது வலது ஸ்டிக்கில். இடது ஸ்டிக் ஸ்பிரிங் இல்லாதது, விட்ட இடத்திலேயே நிற்கும். உயரத்தைப் பிடிக்கிற பட்டன் தனியா இருக்கு.

பிரச்சினை நாலு. ஒண்ணு, மேலே போனதும் இடதுபின் பக்கமா நழுவுது, கூடவே மெதுவா திரும்புது. ரெண்டு, பிடிக்கப்போனா எதிர்ப்பக்கம் ஓடுது, அதைப் பிடிச்சா இன்னும் வேகமா இந்தப் பக்கம் வருது. மூணு, உயரம் நிலைக்கலை, எகிறுது இல்லேன்னா விழுது. நாலு, மேட்டுப்பாளையத்தில் ஆறரை நிமிஷம் வந்த பேட்டரி இங்கே நாலு நிமிஷத்தில் தீருது. உயரம்தான் காரணமா?


ரசமட்டம்:

ஓட்டுறதைப் பத்திப் பேசுறதுக்கு முன்னால குவாட்டைப் பார்த்துடுங்க தம்பி. நழுவுறது மட்டும் இருந்தா கேலிபரேஷன் (எது சமம்னு குவாட்டுக்குச் சொல்லிக்கொடுக்கிறது) தப்புன்னு சொல்லலாம். நழுவுறதோட தானா திரும்பவும் செய்யுதுன்னா ஒரு மோட்டாரோ ஒரு இறக்கையோ சரியில்லைன்னுதான் முதல் சந்தேகம். எந்தப் பக்கம் நழுவுதோ அந்தப் பக்கத்து மோட்டார்தான் தளர்ந்திருக்கும். உங்களுக்கு இடதுபின்.

பார்க்க வேண்டிய வரிசை:

முதலில் இறக்கை. நுனியில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தாலே அது வளைந்து நிமிர்ந்த இறக்கை. மாற்றிடுங்க. இறக்கைக்கும் மோட்டார் தலைக்கும் நடுவில் அரை மில்லிமீட்டராவது இடைவெளி இருக்கணும். அழுத்திப் போட்டா உரசும், மோட்டார் சூடாகும்.

அடுத்தது இறக்கையைக் கழற்றி மோட்டார் தண்டின் அடியைப் பாருங்க. தலைமுடி, கம்பளி நூல், காய்ந்த புல் சுத்தியிருக்கும். நம்ம ஊரில் ஸ்வெட்டர் போடாத வீடு கிடையாது, தரைவிரிப்பும் சேர்ந்தா கேட்கவே வேண்டாம். குண்டூசியால் கிளப்பி ட்வீசரால் இழுங்க. எண்ணெய் விடாதீங்க, ப்ரஷுக்குள் இறங்கினா மோட்டார் போச்சு.

மூணாவது, ஒரு நிமிஷம் பறக்கவிட்டு இறக்கி, நாலு மோட்டாரையும் விரலால் தொடுங்க. ஒண்ணு மட்டும் அதிகச் சூடா இருந்தா அதுதான்.

இன்னும் சந்தேகம்னா மாற்றிப் பார்க்கிற சோதனை ஒண்ணு இருக்கு. குறுக்கே எதிரெதிரா இருக்கிற ரெண்டு மோட்டாரும் ஒரே திசையில் சுத்தும், ஒரே வகை இறக்கை. அதனால் இடதுபின் இறக்கையையும் வலதுமுன் இறக்கையையும் இடம் மாற்றுங்க. நழுவுற திசை வலதுமுன்னுக்கு மாறினா இறக்கைக் கோளாறு. மாறாம இருந்தா மோட்டார் கோளாறு. பக்கத்து மோட்டாரோட மாற்றாதீங்க, அது எதிர்த்திசை. கிளம்பும்போதே கவிழ்ந்துடும்.

மோட்டாரே மாற்றணும்னா ஒயர் நிறம் பார்த்து வாங்குங்க. வழக்கமா சிவப்பு-நீலம் கடிகாரத் திசை, கருப்பு-வெள்ளை எதிர்த்திசை.

கேலிபரேஷன் கடைசி. அதுக்கு சமதளம் வேணும். வாசல் திண்ணையில் வைக்காதீங்க, மழைத்தண்ணி ஓடறதுக்காக அதைச் சரிவாத்தான் பூசியிருப்பாங்க. மேஜையில் கண்ணாடித் தகடு வைத்து, கொத்தனார் ரசமட்டத்தால் ரெண்டு வாக்கிலும் சரிபார்த்து, அதுமேல் வைத்துச் செய்யுங்க. தளம் 2 டிகிரி சாய்ஞ்சிருந்தா அந்த 2 டிகிரியைத்தான் குவாட் ‘சமம்’னு நினைச்சுக்கும்.


சில்வர்ஓக்:

ரசமட்டம் அண்ணன் சொன்னதை முடித்துவிட்டு இதைப் படியுங்கள். உங்கள் இரண்டாவது பிரச்சினை குவாட்டில் இல்லை, கையில் இருக்கிறது. பழகும் எல்லோருக்கும் வருவது.

வலது ஸ்டிக் குவாட்டின் இடத்தை மாற்றுவதில்லை. அது சாய்வைத்தான் தருகிறது. சாய்வு வேகத்தைக் கூட்டுகிறது, வேகம்தான் இடத்தை மாற்றுகிறது. ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவந்தால் சாய்வு போகும், ஆனால் சேர்ந்த வேகம் போகாது. கணக்காகச் சொல்கிறேன்: 5 டிகிரி சாய்வை ஒரு நொடி பிடித்தால் குவாட் வினாடிக்கு சுமார் 85 செ.மீ. வேகம் எடுத்துவிடும். ஸ்டிக்கை விட்ட பிறகும் ஏறக்குறைய அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். அதை நிறுத்த எதிர்ப்பக்கம் அதே 5 டிகிரி, அதே ஒரு நொடி வேண்டும்.

நீங்கள் செய்வது என்னவென்றால், குவாட் விலகியதைப் பார்த்து, அது பழைய இடத்துக்குத் திரும்பும்வரை ஸ்டிக்கைப் பிடித்திருக்கிறீர்கள். அது பழைய இடத்தைத் தொடும்போது முழு வேகத்தில் இருக்கிறது. அப்புறம் எதிர்ப்பக்கம் பறக்காமல் என்ன செய்யும்?

எனவே ஒவ்வொரு திருத்தமும் இரண்டு தட்டு. முதல் தட்டு விலகலை நிறுத்த. அங்கேயே விட்டுவிடுங்கள், பழைய இடத்துக்குக் கொண்டுவர ஆசைப்பட வேண்டாம். நின்ற பிறகு, தேவையானால், திரும்பி வர ஒரு சின்னத் தட்டு, பாதி வழியிலேயே எதிர்த் தட்டு. தட்டு என்றால் 2 அல்லது 3 மில்லிமீட்டர் அசைவு, கால் நொடி. முதல் வாரம் முழுக்க ‘நிறுத்து’ மட்டும் பழகுங்கள். எங்கே நிற்கிறது என்பது முக்கியமில்லை, நிற்கிறதா என்பதே முக்கியம்.

கண் எங்கே இருக்க வேண்டும் என்பதும் இதில் சேர்ந்தது. குவாட் நகர்வதைப் பார்த்துத் திருத்தினால் ஏற்கெனவே தாமதம். சாய்வதைப் பார்த்துத் திருத்த வேண்டும். பின்பக்கம் உங்களைப் பார்த்திருக்க, 3 மீட்டர் பின்னால் நின்று, கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே பறக்கவிட்டால் இரண்டு பின் இறக்கைகளும் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோடு சாயும் கணமே தட்டு. முன் இறக்கைகளில் ஒரு நிறம், பின் இறக்கைகளில் வேறு நிறம் போடுங்கள். மூக்கில் ஆரஞ்சு டேப் ஒட்டினால் டீச்செடிக்குள் விழுந்தாலும் கண்டுபிடிக்கலாம்.

உயரப் பிரச்சினைக்கு: தரையிலிருந்து 30 செ.மீ.க்குள் பழகாதீர்கள். இறக்கைக் காற்று தரையில் மோதித் திரும்பிக் குவாட்டை எல்லாப் பக்கமும் தள்ளும் பகுதி அது. பயத்தால் எல்லோரும் அங்கேயே தவிக்கிறார்கள், மிகக் கடினமான இடத்தில் முதல் பாடம் படிக்கிறார்கள். தயங்காமல் ஒரு மீட்டருக்கு ஏற்றிவிடுங்கள்.

த்ராட்டிலை, அதாவது உயரத்துக்கான இடது ஸ்டிக்கை, கட்டைவிரல் நுனியால் தள்ளாமல் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துப் பிடியுங்கள். விழும்போது கொஞ்சம் ஏற்றி உடனே முக்கால் பங்கு திருப்புங்கள். இதிலும் அதே இரண்டு தட்டுதான்.

இறக்கும்போது நேர்கீழாக வேகமாக விடாதீர்கள். தன் காற்றுக்குள் தானே இறங்கிக் குவாட் தள்ளாடும். மெதுவாக, அல்லது லேசாக முன்னால் நகர்த்திக்கொண்டே இறக்குங்கள்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். மோதப்போகிறது என்று தெரிந்ததும் த்ராட்டில் பூஜ்யம். இறக்கை சிக்கிக்கொண்ட நிலையில் மோட்டாருக்கு மின்சாரம் போனால் மோட்டாரும் கருகும், போர்டில் அதை ஓட்டும் டிரான்சிஸ்டரும் கருகும்.


கொடை_மேகம்:

கொடைக்கானல்ல இருந்து எழுதுறேன். ட்ரிம் பத்தி, அதாவது ஸ்டிக்கைத் தொடாதப்பவும் நழுவுறதை ஈடுகட்ட ரிமோட்ல வைக்கிற சின்னத் திருத்தம் பத்தி, யாரும் சொல்லல.

வெளியில காத்துல வச்சு ட்ரிம் பண்ணாதீங்க. காத்து தள்ளுறதுக்கு ட்ரிம் வச்சா, காத்து நின்னதும் எதிர்ப்பக்கம் ஓடும். மலைக்காத்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் திசை மாறும். ட்ரிம் பூட்டின ரூம்லதான் வைக்கணும். அதுவும் பத்துக்குப் பத்து ரூம்ல பண்ணினா குவாட்டோட சொந்தக் காத்தே சுவத்துல மோதி சுத்தி வந்து தள்ளும், அதையும் நம்பக் கூடாது. பெரிய ஹால் வேணும்.

இடத்துக்கு என் யோசனை உள்ளரங்கு ஷட்டில் கோர்ட். 13.4 மீட்டருக்கு 6.1 மீட்டர், காத்து கிடையாது, தரையில வெள்ளைக் கோடு இருக்கறதால எவ்வளவு விலகுதுன்னு கண்ணுக்குத் தெரியும். கல்யாண மண்டபம் சும்மா இருக்குற நாள்ல கேட்டுப் பாருங்க. ஃபேனை நிறுத்தச் சொல்லிடுங்க.

வெளியில பறக்கணும்னா காலை ஆறரையில இருந்து எட்டரை. வெயில் சரிவுல விழுந்து மண்ணு சூடானதும் காத்து பள்ளத்தாக்குல இருந்து மேல ஏற ஆரம்பிச்சிடும். சாயங்காலம் குளிர்ந்ததும் அதே காத்து சரிவோட கீழ இறங்கும். அந்த ரெண்டுக்கும் நடுவுல கிடைக்கிற அமைதி ரொம்பக் கொஞ்ச நேரம். சரிவோட விளிம்புல நின்னு பழகவே கூடாது, ஏறுற காத்து உயரத்தை இஷ்டத்துக்கு மாத்தும். மரத்துக்குப் பின்னால ஒதுங்கினா காத்து இல்லன்னு நினைப்பீங்க, அங்கதான் சுழல் இருக்கும். மரத்தோட உயரத்துக்குப் பல மடங்கு தூரம் வரைக்கும் அந்தச் சுழல் போகும்.

ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஹாலே கதி. மூடுபனி வந்தா உடனே இறக்கிடுங்க. இருபது மீட்டர்ல மூக்கு எது வால் எதுன்னு தெரியாது, போர்டுலயும் ஈரம் இறங்கும்.

உயரம் பிடிக்கிற பட்டனைப் போட்டுக்கிட்டு பழகுங்க. ஒரு நேரத்துல ஒரு கை போதும்.


கணக்குப்பிள்ளை:

நாலாவது கேள்விக்குக் கணக்கு.

கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர், மேட்டுப்பாளையம் சுமார் 300. அங்கே 32 டிகிரி, இங்கே 18 டிகிரி என்று வைத்துக்கொண்டால் காற்றின் அடர்த்தி அங்கே கன மீட்டருக்கு 1.11 கிலோ, இங்கே 0.98 கிலோ. 12 சதவீதம் குறைவு. குளிர் கொஞ்சம் உதவுகிறது, ஒரே வெப்பநிலையாக இருந்தால் வித்தியாசம் இன்னும் கூடியிருக்கும்.

அதே எடையைத் தூக்க இறக்கை 6 அல்லது 7 சதவீதம் வேகமாகச் சுழல வேண்டும். ஹோவருக்கு வேண்டிய திறனும் அதே அளவு கூடும். அப்படியானால் ஆறரை நிமிடம் ஆறு நிமிடமாக வேண்டும், அவ்வளவுதான். உங்களுக்கு நாலு நிமிடம் வருகிறது. மீதி இரண்டு நிமிடத்துக்கு மலை பொறுப்பில்லை. பேட்டரியையோ மோட்டாரையோ பாருங்கள்.

ஆனால் உந்துவிசையின் கையிருப்பு என்று பார்த்தால் உயரம் நிஜமாகவே உறைக்கும். சென்னையில் எடையைப்போல் இரண்டு மடங்கு தூக்கும் குவாட், ஊட்டியின் 2,240 மீட்டரில் சுமார் 1.6 மடங்குதான் தூக்கும். அதோடு பேட்டரி 4.2 வோல்ட்டிலிருந்து 3.6க்கு இறங்கும்போது ப்ரஷ் மோட்டாரின் தூக்கும் சக்தி ஏறக்குறைய முக்கால் பங்காகிவிடும். இரண்டையும் பெருக்கினால் கடைசி நிமிடத்தில் 1.2 மடங்கு. த்ராட்டிலை முழுக்க ஏற்றினாலும் மெதுவாகத்தான் எழும். விழுவதைப் பிடிக்க முடியாமல் போவது அதனால்தான். கடைசி ஒரு நிமிடத்தில் பழகாதீர்கள், தப்பான கைப்பழக்கம் படியும்.

மெலிந்த காற்றில் இறக்கைக்குச் சுமை குறைவதால் அதே வோல்ட்டேஜில் சற்று வேகமாகச் சுழலும். அதனால் உண்மையான இழப்பு நான் சொன்னதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அதற்காகப் பெரிய இறக்கை மாட்டாதீர்கள், ப்ரஷ் மோட்டார் சூட்டில் சாகும்.


சில்வர்ஓக்:

கொடை_மேகம், காற்றைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. உயரம் பிடிக்கும் பட்டன் விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அந்தப் பட்டன் காற்றழுத்த சென்சாரை நம்புகிறது. கோத்தகிரியில் ஒரு மீட்டர் ஏறினால் அழுத்தம் குறைவது சுமார் 10 பாஸ்கல்தான். மணிக்கு 18 கி.மீ. வேகக் காற்று மோதினால் உண்டாகும் அழுத்தம் சுமார் 12 பாஸ்கல். முழுதும் சென்சாரைச் சேராது, பாதி சேர்ந்தாலே குவாட் அரை மீட்டருக்கு மேல் ஏமாறும். ஹாலில்கூட யாராவது கதவைத் திறந்தால் குதிக்கும். இடது ஸ்டிக் ஸ்பிரிங் போட்டு நடுவில் நிற்கும் ரகமாக இருந்தால் வேறு வழியில்லை, பட்டனோடுதான் பழக வேண்டும். இவருடையது விட்ட இடத்தில் நிற்கும் ஸ்டிக். கையாலேயே பழகட்டும்.


கொடை_மேகம்:

வெளியில அப்படித்தான், மறுக்கல. நான் சொன்னது ஹாலுக்கு, கதவைப் பூட்டிட்டு, முதல் ரெண்டு மூணு நாளைக்கு. ரெண்டு கையும் ஒரே நேரத்துல தடுமாறும்போது எந்தத் தப்பு எந்தக் கையில இருந்து வருதுன்னே புதுசா பழகுறவங்களுக்குத் தெரியாது. வலது கை அடங்கினதும் பட்டனை எடுத்துடலாம். சென்சார் மேல ஒரு துண்டு ஸ்பாஞ்ச் ஒட்டிருக்கான்னு பாருங்க, இல்லன்னா வெட்டி ஒட்டுங்க. காத்து நேரா அடிக்காது, வெளிச்சமும் படாது.


சில்வர்ஓக்:

பூட்டிய ஹால், மூன்று நாள் என்றால் சரி. அதற்கு மேல் வேண்டாம்.


கோத்தகிரி_குருவி:

இறக்கை மாத்திப் பார்த்தேன், திசை மாறலை. இடதுபின் மோட்டாரைக் கழற்றினா தண்டுக்கு அடியில் கம்பளி நூல் சுத்தி இறுகியிருந்தது. எடுத்ததும் திரும்புறது நின்னுடுச்சு. கண்ணாடித் தகட்டில் வைத்து கேலிபரேஷன் செய்ததும் நழுவுறது ரொம்பக் குறைஞ்சிடுச்சு. அந்த மோட்டார் மட்டும் இன்னும் கொஞ்சம் சூடாகுது. பறக்கிற நேரம் அஞ்சு நிமிஷம். காலையில் முதல் பேட்டரி மட்டும் நாலரை. நன்றி அண்ணா.


ரசமட்டம்:

நூலோட இழுத்துக்கிட்டு ஓடின மோட்டாருக்கு ப்ரஷ் தேய்ஞ்சிருக்கும். இன்னும் சில மணி நேரம் ஓடும், அதே ஒயர் நிறத்தில் ஒண்ணு வாங்கி வையுங்க. ஒரு பேட்டரிக்கும் அடுத்ததுக்கும் நடுவில் பத்து நிமிஷம் ஆறவிட்டாலே ப்ரஷ் மோட்டாரின் ஆயுசு கூடும்.

காலையில் நேரம் குறையறது குளிரால. லிப்போ குளிர்ந்தா உள்தடை கூடும், சுமை கொடுத்ததும் வோல்ட்டேஜ் தொங்கும், எச்சரிக்கை விளக்கு சீக்கிரமே மின்னும். பேட்டரியை ஸ்வெட்டருக்கு உள்பக்கப் பையில் உடம்புச் சூட்டில் வைத்துக்கோங்க. மாட்டினதும் அரை நிமிஷம் மெதுவா ஹோவர் செய்தா தானே சூடாகிடும். அடுப்புப் பக்கமோ ஹீட்டர் மேலேயோ வைத்துச் சூடாக்கவே கூடாது.

கனெக்டரையும் பாருங்க. ஈரக்காத்தில் பின்னில் பச்சைப் படலம் பிடிக்கும், அங்கேயே வோல்ட்டேஜ் விழும். கையில் தொட்டா கனெக்டர் சூடா இருக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைங்க, பெண் பக்கம் தளர்ந்திருந்தா மாற்றிடுங்க.

சார்ஜ்: 600 எம்ஏஎச் பேட்டரிக்கு 0.6 ஆம்பியர். வெளியிலிருந்து வந்ததும் போடாதீங்க, அறைச் சூட்டுக்கு வரட்டும். உறைபனி விழுற டிசம்பர், ஜனவரிக் காலையில் இதில் கவனமா இருங்க, பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினா செல்லுக்குள் லித்தியம் உலோகமா படியும், பேட்டரி நிரந்தரமா கெடும். இறக்கி ஓய்ந்த பிறகு 3.7 வோல்ட்டுக்குக் கீழே போகாத அளவுக்குப் பறக்கவிடுங்க. ஒரு வாரம் பறக்கப்போறதில்லைன்னா 3.8இல் வைங்க. உப்பின பேட்டரியை இரக்கம் பார்க்காம ஒதுக்குங்க.


கோத்தகிரி_குருவி:

ஹாலில் ஒரு மீட்டர் சதுரத்துக்குள் 30 விநாடி நிற்குது, பட்டன் இல்லாம. மூக்கு என்னைப் பார்த்துத் திரும்பினதும் எல்லாம் தலைகீழாகுது. அதுக்கு எப்படிப் பழகணும்?


சில்வர்ஓக்:

ஒரேயடியாகத் திருப்பாதீர்கள். முதலில் 45 டிகிரி இடது, ஒரு பேட்டரி முழுக்க. அடுத்தது 45 டிகிரி வலது. பிறகு 90. ஒரு பக்கம் எல்லோருக்கும் எளிதாக வரும். வராத பக்கத்துக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள். குழம்பினால் பின்பக்கம் உங்களைப் பார்க்கும்படி யா ஸ்டிக்கால் (குவாட்டைத் திருப்பும் இடது ஸ்டிக்) திருப்பிவிடுங்கள், அதுதான் தப்பிக்கும் வழி.

மூக்கு உங்களைப் பார்க்கும்போது: எந்தப் பக்கம் தாழ்கிறதோ அந்தப் பக்கத்துக்கே ஸ்டிக். சாய்கிற கூரைக்கு முட்டுக் கொடுப்பதைப்போல. உங்களுக்கு வலப்பக்கம் சரிந்தால் ஸ்டிக் வலது. உங்களை நோக்கி வந்தால் ஸ்டிக்கை உங்களை நோக்கி இழுங்கள், அது விலகிப்போகும். இடமா வலமா என்று மனத்தில் மாற்றிக் கணக்குப் போடத் தொடங்கினால் நேரம் போய்விடும். முட்டு என்று மட்டும் நினையுங்கள். 4 மீட்டர் தள்ளி நில்லுங்கள், இந்தப் பாடத்தில் குவாட் முகத்துக்கு வரும்.

ஒரு நாளைக்கு மூன்று பேட்டரி போதும். நாலாவதில் கை களைத்துப் பழைய தவறுகள் திரும்பும்.


வெலிங்டன்_சாலை:

வெளியில் பறக்கத் தொடங்கும் முன் ஒரு விஷயம். ட்ரோன் விதிகள் 2021இன்படி 250 கிராம் வரை நானோ வகை, அதை ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் எங்கே வேண்டுமானாலும் பறக்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் இடத்தின் நிறத்தை (அங்கே பறக்கலாமா என்பதை அது காட்டும்) பார்த்துவிட்டே எடுங்கள். வெலிங்டன் ராணுவப் பகுதி, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை பக்கம் குவாட்டைப் பையிலிருந்தே எடுக்க வேண்டாம். முதுமலையிலோ காப்புக்காட்டிலோ வனத்துறை அனுமதி இல்லாமல் கூடாது.

டீத்தோட்டத்துக்குள் விழுந்தால் விடிகாலையிலும் அந்தியிலும் தனியாகத் தேடி இறங்காதீர்கள். காட்டுமாடு செடிக்குள் படுத்திருந்தால் பத்தடிக்கு வந்த பிறகுதான் தெரியும். காட்டுமாடு மேயும் இடத்தில் மோட்டார் சத்தமே வேண்டாம், மிரண்டு ஓடினால் கொழுந்து பறிக்கிறவர்கள்மேல் பாயும்.


கோத்தகிரி_குருவி:

சரிங்க, ஹாலை விட்டு இப்போதைக்கு வெளியே வரலை. கடைசியா ஒண்ணு. ரிமோட்டில் ரேட் (ஸ்டிக்கைத் தள்ளினா குவாட் எவ்வளவு சாயணும்கிறது) மூணு நிலை இருக்கு. எதில் வைக்கணும்?


சில்வர்ஓக்:

ஹாலில் குறைந்தது. வெளியில் நடு நிலை. குறைந்த ரேட்டில் குவாட் சாய்கிற கோணமே சின்னது. காற்றடித்தால் முழு ஸ்டிக் கொடுத்தும் எதிர்த்து வர முடியாமல் பள்ளத்தாக்குப் பக்கம் போய்விடும். வெளியில் முதல் நாள் முகத்தில் காற்று படும்படி நில்லுங்கள். குவாட்டை எதிர்க்காற்றுப் பக்கமாக, உங்களுக்கு முன்னால் வையுங்கள். கை தவறினாலும் காற்று அதை உங்களிடமே கொண்டுவரும்.